‘சரி மாஸ்டர்’ என்ற பதிலும் ஒரு மயிரிழை விரிசலும்: குன்னூர்ப் பக்கத்து நிகழ்வு ஆய்வு

பின்னணி

குன்னூருக்கும் அருவங்காட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன மைதானத்தில், இராணுவத்திலோ போலீசிலோ சேர நினைக்கும் பெண்களுக்குக் காசு வாங்காமல் பயிற்சி கொடுத்து வருகிறோம். நாங்கள் என்றால் இரண்டு பேர்தான். ஒருவர் மெட்ராஸ் ரெஜிமெண்டில் 24 வருஷம் இருந்து ஹவில்தாராக ஓய்வு பெற்றவர். அதில் சில வருஷம் ரெக்ரூட்களுக்கு, அதாவது புதிதாகச் சேர்ந்த சிப்பாய்களுக்கு, ட்ரில் சொல்லிக்கொடுத்த உஸ்தாத். பெண்கள் அவரை ‘மாஸ்டர்’ என்பார்கள். இன்னொருத்தி நான். பள்ளியில் பி.டி. டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எங்களிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பெண்ணின் கால் எலும்பில் விரிசல் விழுந்ததைப் பற்றியது இது. நடந்ததில் எங்கள் இருவரின் தவறுகளும் இருக்கின்றன. அந்தப் பெண்ணும் அவள் அம்மாவும் ஹவில்தாரும் படித்துப் பார்த்துச் சரி என்ற பிறகே இதை வெளியே விடுகிறேன். ஆளை அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

வெலிங்டனில் ரெஜிமெண்ட் மையம் இருப்பதால் இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் பேண்டு சத்தத்தையும் ‘வீர மதராசி, அடி கொல்லு’ முழக்கத்தையும் கேட்டுக்கொண்டே வளர்கிறார்கள். ஆனால் அந்த வேலிக்கு உள்ளே ஓடும் ரெக்ரூட்களில் பெண்கள் கிடையாது. அதிகாரிகளாகச் சேரும் பெண்களுக்குச் சென்னை பரங்கிமலையில் 1992 முதல் பயிற்சி நடக்கிறது. சிப்பாய் நிலையில் பெண்களுக்குத் திறந்த கதவு, இராணுவத்துக்குள்ளேயே ஒழுங்கைக் காக்கும் பிரிவான மிலிட்டரி போலீஸ். அதற்கான ஆள்சேர்ப்பு 2019-இல்தான் தொடங்கியது. 61 வாரப் பயிற்சி முடித்து 83 பெண்கள் கொண்ட முதல் அணி 2021 மே 8 அன்று பெங்களூரில் உறுதிமொழி எடுத்தது. அந்தப் படம் பேப்பரில் வந்த அன்றைக்கு எங்கள் ஊரில் இரண்டு மூன்று வீடுகளில் அதை வெட்டி சுவரில் ஒட்டினார்கள். எங்கள் மைதானம் தொடங்கியதற்கு அந்தப் படமும் ஒரு காரணம்.

இப்போது அக்னிவீர் முறையில் எடுக்கிறார்கள். முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு. அதில் தேறினால் ரேலி எனும் ஆள்சேர்ப்பு முகாம். 1.6 கிலோமீட்டரை ஏழரை நிமிஷத்துக்குள் ஓடினால் முதல் பிரிவு, எட்டு நிமிஷம் வரை இரண்டாம் பிரிவு. நீளம் தாண்டுதல் 10 அடி, உயரம் தாண்டுதல் 3 அடி. பிறகு மருத்துவப் பரிசோதனை. உயரம் 162 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். பாதிப் பேரின் கனவு இந்த 162-இல்தான் உடைகிறது. முதல் நாள் வந்த 14 பேரையும் ஹவில்தார் கொட்டகைச் சுவரில் நிறுத்தி அளந்தார். 5 பேர் தேறவில்லை. தமிழ்நாடு போலீசில் பெண்களுக்கு 159 போதும், ஆதிதிராவிடர் பழங்குடியினருக்கு 157. அதனால் அவர்களையும் அனுப்பிவிடாமல் வைத்துக்கொண்டோம். மூன்று பேர் மார்ச்சுக்குள் தாமாகவே நின்றுவிட்டார்கள்.

அந்தப் பெண்

வயது 19. உயரம் 164. தாத்தா பாட்டி சாஸ்திரி–சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்தவர்கள். வீடு டேன்டீ லைனில், அதாவது அரசுத் தேயிலைத் தோட்டக் கழகத்தின் தொழிலாளர் குடியிருப்பில். அம்மா கொழுந்து பறிக்கிறார். அப்பா இல்லை. இரண்டு வயது இளைய தங்கை ஒருத்தி. ஊட்டியில் கல்லூரி, இரண்டு பஸ் மாற வேண்டும்.

அவளுடைய காலை நாலரை மணிக்குத் தொடங்கும். தண்ணீர் பிடித்து வைத்துவிட்டு, ஒரு டம்ளர் சாயத்தண்ணி குடித்துவிட்டு, மூன்று கிலோமீட்டர் சரிவில் இறங்கி ஐந்தேமுக்காலுக்கு மைதானத்தில் நிற்பாள். நேரம் மிச்சமாகட்டும் என்று அந்தச் சரிவை ஓடியே இறங்குவாள். இதை ஏப்ரல் வரை நாங்கள் யாருமே விசாரிக்கவில்லை. காலில் தேய்ந்துபோன கேன்வாஸ் ஷூ. கேட்டால், ‘அடுத்த மாசம் வாங்குறேன் டீச்சர்’ என்பாள்.

முதல் நான்கு மாதம்

ஹவில்தாரைப் பற்றிச் சரியாகச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் வருவது அவருக்கு எதிராகப் படிக்கப்படலாம். அவர் அதுவரை ஒரு பெண்ணுக்கும் ட்ரில் சொல்லிக்கொடுத்ததில்லை. முதல் வாரம் பெண்களின் முகத்தைப் பார்க்காமல் அவர்கள் தலைக்கு மேல் இருந்த சில்வர் ஓக் மரத்தைப் பார்த்துத்தான் கமாண்ட் கொடுத்தார். ஆனால் வேலை சுத்தம். ‘சாவ்தான்’ (அசையாமல் விறைப்பாக நில்) என்றால் குதிகால்கள் எப்படிச் சேர வேண்டும், ‘விஸ்ராம்’ (தளர்ந்து நில்) என்றால் எடை எங்கே நிற்க வேண்டும், ‘தேஜ் சல்’ (வேகமாக நட) என்றதும் முதல் அடி எந்தக் கால் என்று ஒவ்வொருத்தியிடமும் போய்க் காட்டுவார். இந்திக் கமாண்டை முதலில் தமிழில் அர்த்தம் சொல்லி, அப்புறம் தமிழையே விட்டுவிடுவார். ‘அங்கே போய் முழிக்கக் கூடாது’ என்பார்.

இந்தப் பெண்ணுக்கு அவர் செய்த பெரிய காரியம் குரல். வந்த புதிதில் அவள் பேசினால் பக்கத்தில் நிற்பவளுக்கே கேட்காது. தினமும் பத்து நிமிஷம் அவளை வரிசைக்கு வெளியே நிறுத்திக் கமாண்ட் கொடுக்க வைத்தார். மார்ச் மாதம் ஒரு நாள் அவள் ‘பீச்சே முட்’ (பின்னால் திரும்பு) என்று போட்ட சத்தத்துக்கு எதிர்ச் சரிவில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்கள். அதில் அவள் அம்மாவும் ஒருத்தி என்று பிறகு தெரிந்தது. ட்ரில் என்றாலே மிரட்டல் என்று நினைத்திருந்த என் எண்ணத்தை மாற்றியவரும் இவர்தான்.

ஓட்டமும் இறங்கியது. ஜனவரியில் 1.6 கிலோமீட்டருக்கு 9 நிமிஷம் 10 விநாடி. பிப்ரவரி கடைசியில் 8:20. ஏப்ரலில் 7:52. எழுத்துத் தேர்வில் எங்கள் ஆட்கள் நான்கு பேர் தேறினார்கள், அதில் இவளும் ஒருத்தி. ரேலி ஆகஸ்ட்டில்.

மைதானத்தைப் பற்றி ஒரு வார்த்தை. நீலகிரியில் சமதரை என்பது தங்கம். எங்களுடையது ஒரு சுற்று 180 மீட்டர், ஒரு மூலை சரிவு, நடுவில் பழைய சிமெண்ட் மேடை. ட்ரில் அந்தச் சிமெண்ட் மேடையில்தான் நடக்கும், காலடிச் சத்தம் ஒன்றாகக் கேட்க வேண்டும் என்பதற்காக. ‘தம்’ (நில்) என்றதும், ‘முட்’ (திரும்பு) என்றதும் காலைத் தூக்கி ஓங்கி அடிக்க வேண்டும். ஒரு காலையில் எத்தனை அடி என்று பின்னால் ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன். நூற்றைம்பதைத் தாண்டியது.

பார்த்ததும் தவறாகப் படித்ததும்

ஜூன் முதல் வாரம் 7:40 ஓடினாள். அடுத்த வாரம் 7:58. அதற்கடுத்த வாரம் 8:06.

ஹவில்தார் இதைச் சோம்பல் என்று எடுத்துக்கொண்டார். தேர்வில் தேறிவிட்டோம் என்ற தெனாவெட்டு, இது ரெக்ரூட்களிடம் சகஜம் என்றார். கூடுதலாக இரண்டு சுற்று, தவளைக் குதியல் இருபது. இராணுவத்தில் இதற்கு ரகடா என்று பெயர். அவள் ஒரு வார்த்தை பேசாமல் செய்தாள்.

எனக்கும் சில விஷயங்கள் கண்ணில் பட்டன. விஸ்ராமில் இடது காலில் எடை வைக்காமல் நின்றாள். மைதானத்துப் படிகளில் பக்கவாட்டில் திரும்பி இறங்கினாள். முகம் வெளுத்திருந்தது. எல்லாவற்றையும் பார்த்தேன். ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கவில்லை. கல்லூரிப் பரீட்சை, தூக்கம் போதவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முப்பது வருஷம் பிள்ளைகளை ஓட விட்டவள் இப்படிப் பார்த்திருக்கக் கூடாது.

கேட்காமலும் இல்லை. ஹவில்தார் தினமும் பயிற்சி முடிந்ததும் வரிசையை நிறுத்தி, ‘யாருக்காவது ஏதாவது பிரச்சினையா? எல்லாம் சரியா?’ என்று சத்தமாகக் கேட்பார். பதினோரு பேரும் சாவ்தானில் நின்றபடி ‘சரி மாஸ்டர்’ என்பார்கள். இவள் குரல்தான் அதில் ஓங்கிக் கேட்கும்.

மழை நாள்

ஜூலை முதல் சனிக்கிழமை நல்ல மழை. ஓட முடியாது. கொட்டகையில் உட்கார்ந்திருந்தோம். ஹவில்தார் டீ வாங்கப் போயிருந்தார். சும்மா உட்காருவதற்கு ஏதாவது செய்யலாமே என்று ஆளுக்கொரு துண்டுக் காகிதம் கொடுத்து மூன்று கேள்விக்குப் பதில் எழுதச் சொன்னேன். உடம்பில் எங்கே வலிக்கிறது? கடைசியாகத் தீட்டு வந்தது எப்போது? இன்று காலை என்ன சாப்பிட்டீர்கள்? பெயர் வேண்டாம், உங்கள் உயரத்தை மட்டும் மேலே போடுங்கள் என்றேன். இதில் ஒரு முட்டாள்தனம் இருந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

பதினோரு காகிதத்தில் எட்டில் வலி இருந்தது. நான்கு பேருக்கு இரண்டு மாதத்துக்கு மேலாகத் தீட்டு வரவில்லை. காலைச் சாப்பாடு என்ற இடத்தில் ஏழு பேர் டீ என்று எழுதியிருந்தார்கள். 164 என்று போட்டிருந்த காகிதத்தில் இப்படி இருந்தது: ‘இடது காலில் முழங்காலுக்குக் கீழே. ஓடும்போது மட்டும் இருந்தது, இப்போ ராத்திரி படுத்தாலும் வலிக்குது. மார்ச்சுல வந்தது. சாயத்தண்ணி.’

ராத்திரி வலி என்பது எனக்குத் தெரிந்த எச்சரிக்கை. தசைப் பிடிப்பு படுத்தால் தணியும். எலும்பு வலி படுத்தாலும் விடாது. அவளைத் தனியாகக் கூப்பிட்டு, முன்கால் எலும்பின் மேல் ஒரு விரலை வைத்து மேலிருந்து கீழாக அழுத்திக்கொண்டே வந்தேன். ஓரிடத்தில் துடித்து விட்டாள். கட்டை விரல் அகலம்தான். அதற்கு மேலும் கீழும் வலி இல்லை. இடது காலால் மட்டும் ஒரு குதி குதிக்கச் சொன்னேன். முடியவில்லை.

ஹவில்தார் டீயோடு வந்தார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவளைப் பார்த்து, ‘நான் தினமும் கேட்டேனே, என்கிட்ட ஏன்மா சொல்லல?’ என்றார். கோபமாகத்தான் கேட்டார்.

‘நீங்க கேட்டப்போ லைன்ல நின்னேன் மாஸ்டர்’ என்றாள்.

அவர் அதற்குப் பதில் சொல்லவில்லை. அன்றைக்கு வீட்டுக்குப் போகும்போது என்னிடம், ‘சாவ்தான்ல நிக்கிறவன் அசையக் கூடாதுன்னு நான்தானே டீச்சர் சொல்லிக் குடுத்தேன்’ என்றார். வேறு எதுவும் பேசவில்லை.

டாக்டர் சொன்னது

திங்கட்கிழமை மருத்துவமனைக்குக் கூட்டிப் போனேன். எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியவில்லை. எலும்பு மயிரிழை போல விரிந்த முதல் சில வாரங்களில் எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும், ஆற ஆரம்பித்த பிறகுதான் தடம் தெரியும் என்று டாக்டர் விளக்கினார். எம்.ஆர்.ஐ. எடுக்கக் கோயம்புத்தூர் போனோம். டிபியா எனும் முன்கால் எலும்பில் ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர், அதாவது திரும்பத் திரும்ப அழுத்தம் விழுந்து வரும் மயிரிழை விரிசல், உறுதியானது. ஹீமோகுளோபின் 9.6. சாதாரணமாகப் பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மலையில் காற்றில் ஆக்சிஜன் குறைவு, அதனால் இங்கே இருப்பவர்களின் உடம்பு கொஞ்சம் கூடுதலாகவே வைத்திருக்கும், ஆகவே குன்னூரில் 9.6 என்பது சமவெளியின் 9.6-ஐ விட மோசம் என்றார்.

அந்த டாக்டரம்மா அரை மணி நேரம் ஒதுக்கிப் பேசினார். ஓடுவதற்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால் உடம்பு சிக்கனம் பிடிக்கும். முதலில் நிறுத்தும் செலவுகளில் தீட்டும் ஒன்று. அதற்குக் காரணமான ஹார்மோன் குறையும்போது எலும்பும் வலுவிழக்கும். அப்படிப்பட்ட எலும்பை வைத்துக்கொண்டுதான் இவள் தினமும் சரிவில் ஓடி இறங்கி, சிமெண்டில் ஓங்கி அடித்து, அப்புறம் ஒன்பது சுற்று ஓடியிருக்கிறாள். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சரியாக ஒட்டாது என்பதையும் அவர்தான் சொன்னார். தேயிலைத் தோட்டத்தில் பிறந்த பிள்ளையிடம் டீயை நிறுத்தச் சொல்வது எப்படி என்று எனக்குச் சிரிப்புதான் வந்தது. நிறுத்த வேண்டாம், சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடி என்றார்.

இரும்புச்சத்து மாத்திரை. எட்டு வாரம் ஓட்டம் கூடாது. ரேலிக்கு ஐந்து வாரம் இருந்தது.

முடிவு

அன்று சாயங்காலம் லைன் வீட்டில் நான்கு பேர் உட்கார்ந்தோம். ஹவில்தாரின் முதல் யோசனை, நான்கு வாரம் ஓய்வு கொடுத்துவிட்டுக் காலில் கட்டுப் போட்டு ஓட வைக்கலாம் என்பது. எட்டு நிமிஷ வேலைதானே என்றார். அவளும் அதற்குத் தலையாட்டினாள். அவள் அம்மா கேட்டது: ‘ஓடிட்டா வேலை கெடச்சிருமா டீச்சர்?’

நான் சொன்னது இதுதான். ரேலி ஒரு வாசல். அதற்குப் பிறகு மருத்துவப் பரிசோதனை, அப்புறம் மாதக்கணக்கில் பயிற்சி மையம். விரிசலோடு உள்ளே போனால் அங்கே பூட்ஸ் போட்டு ஓடும் முதல் மாதத்திலேயே அது முழு முறிவாகலாம். முறிந்தால் இந்த வேலையும் போகும், போலீஸ் வேலையும் போகும், காலும் பழையபடி ஆகாது. வயது வரம்புக்கு இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது. எழுத்துத் தேர்வை மறுபடி எழுத வேண்டியிருக்கும், அது மட்டும்தான் இழப்பு.

கடைசியில் முடிவை அறிவித்தவர் ஹவில்தார். ‘இந்த வருஷம் கிடையாது. இது ஆர்டர்’ என்றார். ‘சரி மாஸ்டர்’ என்றாள். எனக்கு நிம்மதியாக இருந்தது. அந்த ‘சரி’யையும் நாங்கள் நம்பினோம்.

பன்னிரண்டு நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் மைதானத்துக்கு வந்து தன் கைக்கடிகாரத்தை வைத்து ஓடிப் பார்த்திருக்கிறாள். ஆறாவது சுற்றில் உட்கார்ந்துவிட்டாள். அந்த வழியாகப் பால் கொண்டுபோனவர் வீட்டில் கொண்டுபோய் விட்டார். எட்டு வாரம் பதினோரு வாரம் ஆனது. டாக்டர் ஊன்றுகோல் கொடுத்தார்.

அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. மழை நாளில் அவள் எழுதியதைக் கேட்டுத்தான் எல்லாம் தொடங்கியது. ஆனால் முடிவு எடுக்கும்போது அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. பழைய வழக்கப்படி ஆர்டர் போட்டோம்.

இரண்டாவது பேச்சை ஹவில்தாரே தொடங்கினார். அவள் வீட்டு வாசற்படியில் பக்கத்தில் உட்கார்ந்து, தானும் ரெக்ரூட்டாக இருந்தபோது குதிகால் புண்ணை மறைத்து ஓடி இருபது நாள் ஆஸ்பத்திரியில் கிடந்த கதையைச் சொன்னார். இத்தனை வருஷத்தில் நான் கேட்டிராத கதை. அப்புறம், ‘இப்ப நீ சொல்லு, என்ன பண்ணலாம்?’ என்றார். அடுத்த வருஷத்துக்கான கால அட்டவணையை அன்று அவளேதான் எழுதினாள். ஆகஸ்ட்டில் மற்ற மூன்று பேர் ரேலிக்குப் போனபோது கூடவே போய் அவர்களுடைய பைகளைப் பார்த்துக்கொண்டாள். ஒருத்தி ஓட்டத்தில் தேறினாள், மெரிட் பட்டியலில் வரவில்லை.

மாற்றியவை

சரிவில் ஓடி இறங்குவதை நிறுத்தினோம். ஏறலாம், இறங்கும்போது நடை. காலைத் தட்டும் ட்ரில் சிமெண்டிலிருந்து மண்ணுக்கு வந்தது, அதுவும் பதினைந்து நிமிஷம். ஹவில்தார் இதற்கு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை. மண்ணில் சத்தமே வராத ட்ரில் என்ன ட்ரில் என்றார். வாரத்துக்கு ஒரு நாள் மட்டும் சிமெண்ட் என்று சமாதானமானோம். இன்றும் அந்த ஒரு நாளுக்காகவே அவர் காத்திருக்கிறார் என்று தோன்றும்.

அடியின் நீளம் இன்னொரு விஷயம். தேஜ் சல்லில் அடி 30 அங்குலம், நிமிஷத்துக்கு 120 அடி. இது ஆண்களின் காலுக்கு வகுத்த கணக்கு. வரிசையில் குட்டையான பெண்கள் அதை எட்டிப் பிடிக்கத் தொடையை இழுத்து இழுத்து வைக்கிறார்கள், இடுப்பு எலும்பில் அது ஏறுகிறது. ஆஸ்திரேலிய இராணுவத்தில் பெண் ரெக்ரூட்களை அவரவர் அடியளவில் நடக்கவிட்டு, அணிநடையின் வேகத்தை மணிக்கு ஏழரை கிலோமீட்டரிலிருந்து ஐந்தாகக் குறைத்து, நீண்ட ஓட்டத்துக்குப் பதில் விட்டு விட்டு ஓட வைத்தபோது இடுப்பெலும்பு விரிசல் 11.2 சதவீதத்திலிருந்து 0.6 சதவீதமாக இறங்கியது. 1999-இல் வெளியான ஆய்வு அது. இதை அச்செடுத்து ஹவில்தாரிடம் தமிழில் படித்துக் காட்டினேன். எண்களை இரண்டு தடவை திரும்பச் சொல்லச் சொன்னார். பயிற்சி மையத்தின் கணக்கை நாம் மாற்ற முடியாது, ஆனால் இங்கே முதல் மூன்று மாதம் குட்டையானவளை முன்னால் விடுவோம், அவள் அடிதான் எல்லோருக்கும் அடி, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக 30-க்குப் போவோம் என்று அவரே வழி சொன்னார்.

சாப்பாடு: ஓடும் முன் கேழ்வரகுக் கூழ், ஓடிய பின் வேர்க்கடலை, அவித்த முட்டை. ஊர்க்காரர் ஒருவர் முட்டைச் செலவை ஏற்றுக்கொண்டார். ஷூவுக்கு ஹவில்தார் தன் பென்ஷனில் முன்பணம் கொடுத்தார், திருப்பி வாங்கினாரா என்று நான் கேட்கவில்லை.

கேட்கும் முறைதான் பெரிய மாற்றம். வரிசையில் நிறுத்திக் கேட்பதை விட்டார். கடைசிச் சுற்று நடைச் சுற்று. அதில் அவர் ஒவ்வொருத்தியின் பக்கத்திலும் முப்பது நாற்பது அடி நடப்பார். ‘எவ்வளவு?’ என்று மட்டும் கேட்பார். பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் சொல்ல வேண்டும். ‘சரி மாஸ்டர்’ என்ற பதில் செல்லாது. மூன்றுக்கு மேல் போனால் என்னிடம் அனுப்புவார். எண்ணைச் சட்டைப் பையிலுள்ள சிட்டையில் குறித்துக்கொள்வார். மாதத் தேதிகளை நான் தனி நோட்டில் வைத்திருக்கிறேன், அது அவர் கைக்குப் போகாது. முதல் மாதம் எல்லோரும் பூஜ்யம், ஒன்று என்றே சொன்னார்கள். ஒருத்தி ஐந்து என்று சொல்லி, அவளுக்கு ரகடா கிடைக்காததை மற்றவர்கள் பார்த்த பிறகுதான் எண்கள் உண்மையாயின.

அந்த வருஷம் டிசம்பரில், லீவில் வந்திருந்த ஒரு பெண் சிப்பாய் மைதானத்துக்கு வந்து இரண்டு மணி நேரம் பேசினாள். பூட்ஸை எப்படிப் பழக்குவது, இரண்டு ஜோடி சாக்ஸ் ஏன், இதெல்லாம் சொன்னாள். சிக் ரிப்போர்ட் பற்றி அவள் சொன்னது முக்கியம். காலையில் உடம்பு சரியில்லை என்று எழுதிக் கொடுத்து எம்.ஐ. ரூமுக்கு (மருத்துவ அறைக்கு) போகும் முறை அங்கே இருக்கிறது. ஆனால் நாள் போய்விடும், பின்தங்கிவிடுவோம் என்ற பயத்தில் பெண்களும் ஆண்களும் அதைத் தள்ளிப்போடுகிறார்கள். ‘ரெண்டு நாள்ல சரியாகுறதை ரெண்டு மாசம் ஆக்கிருவாங்க’ என்றாள்.

அடுத்த வருஷம்

அக்டோபரில் ஓட்டத்தைத் தொடங்கினாள், ஒரு நிமிஷம் ஓட்டம் இரண்டு நிமிஷம் நடை என்று. பிப்ரவரியில் ஹீமோகுளோபின் 12.1. தீட்டு டிசம்பரிலிருந்து ஒழுங்கானது. தேர்வை மறுபடி எழுதித் தேறினாள். ரேலிக்கு முன் இரண்டு ஞாயிறு எல்லோரையும் மேட்டுப்பாளையம் இறக்கி ஓட விட்டோம். மலையில் பழகியவர்களுக்குச் சமவெளியில் மூச்சு எளிது, ஆனால் வெயிலும் வேர்வையும் புதிது. ரேலியில் 7 நிமிஷம் 21 விநாடி. மருத்துவத்தில் பழைய விரிசலைப் பற்றிக் கேட்டார்கள், காகிதங்களைக் கொடுத்தாள், மறு பரிசோதனைக்குப் பிறகு தகுதி என்று வந்தது. பட்டியலிலும் பெயர் வந்தது. பெங்களூர் போனாள்.

ஒன்பதாவது வாரம் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஹவில்தாருக்குப் போன் செய்தாள். வலது காலில், பழைய இடத்துக்கு நேர் எதிரில், ஓடும்போது வலி. எண் நாலு. அவர் ‘சிக் ரிப்போர்ட்’ என்று வாயெடுப்பதற்குள், வெள்ளிக்கிழமையே போய்விட்டு வந்துவிட்டேன் மாஸ்டர், பத்து நாள் ஓட்டம் கிடையாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்றாள். அங்கே இருக்கும் உஸ்தாத் என்ன சொன்னார் என்று கேட்டார். ‘ஒண்ணும் சொல்லல. உட்கார்ந்து டர்ன்அவுட் பாலிஷ் போடுன்னாங்க’ என்றாள். சீருடை, பூட்ஸைப் பளபளப்பாக்கும் வேலை அது. பத்து நாளுக்குப் பிறகு ஓடினாள். தன் அணியோடேயே பயிற்சியை முடித்தாள். அம்மாவும் தங்கையும் பரேடுக்குப் போய் வந்தார்கள்.

திரும்பச் செய்தால்

மழை நாள் காகிதத்துக்கு வருகிறேன். பெயருக்குப் பதில் உயரத்தைப் போடச் சொன்னேன் அல்லவா? தினமும் ‘லம்பா தாஹினே, சோட்டா பாயேன்’ என்று உயர வரிசையில் நின்று பழகிய பெண்கள் அவர்கள். யார் உயரம் என்ன என்பது எல்லோருக்கும் மனப்பாடம். காகிதங்களை நான் பெஞ்சில் வைத்துவிட்டு அந்தப் பெண்ணின் காலைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் யாரோ ஒன்றைப் படித்திருக்கிறார்கள். நான்கு மாதமாகத் தீட்டு வரவில்லை என்று எழுதியிருந்த வேறொரு பெண்ணைப் பற்றி அவள் ஊரில் பேச்சுக் கிளம்பியது. அடுத்த வாரத்திலிருந்து அவள் வரவில்லை. வீட்டுக்குப் போனேன். அவள் அப்பா கதவைத் திறந்து, ‘எங்க பொண்ணுக்கு வேலை வேண்டாம் டீச்சர்’ என்றார். அவளுக்கும் இரத்தச் சோகைதான், எனக்குச் சந்தேகமே இல்லை. எங்களிடம் இருந்தவர்களில் நன்றாக ஓடக் கூடியவளும் அவள்தான். இந்த ஆய்வில் ஒருத்தி கரை சேர்ந்ததைச் சொல்லிவிட்டு இதை விட்டுவிட முடியாது. இப்போது காகிதம் கிடையாது, ஒவ்வொருத்தியும் என்னிடம் தனியாக வாயால் சொல்கிறாள், நோட்டு என் பையை விட்டு வெளியே வராது.

சேர்ந்த முதல் வாரமே ஹீமோகுளோபின் பார்க்கிறோம். வீட்டிலிருந்து மைதானத்துக்கு எப்படி வருகிறாய் என்று கேட்கிறோம். இவை இரண்டையும் ஜனவரியிலேயே செய்திருந்தால் அந்தப் பெண்ணுக்கு ஒரு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

ரகடாவைப் பற்றி ஹவில்தாருக்கும் எனக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. முழுவதும் எடுத்துவிட்டால் அங்கே போய் முதல் நாளே அழுவார்கள் என்கிறார். நேரம் திடீரென்று கூடினால் முதலில் எண்ணைக் கேட்பது, ரகடா அப்புறம் என்பது வரை வந்திருக்கிறோம்.

இப்போது ஒன்பது பேர் வருகிறார்கள். அந்தப் பெண்ணின் தங்கையும் வருகிறாள். அக்காவின் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு வந்தாள், திருப்பி அனுப்பினோம். சுவரில் நிறுத்தி அளந்ததில் 158. மிலிட்டரி போலீசுக்கு நாலு சென்டிமீட்டர் குறைவு. அம்மா, ‘இவளையும் பெங்களூருக்கே அனுப்பிருங்க மாஸ்டர்’ என்கிறார். ஹவில்தார் போலீஸ் தேர்வுக்கான விண்ணப்ப விவரத்தை எடுத்து வைத்திருக்கிறார். ஜூனில் மறுபடி அளப்பதாகச் சொல்லியிருக்கிறோம்.